மோர்ப் பந்தலில் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும்

சித்ரா பௌர்ணமியன்று அழகர் விடியலிலேயே வைகையில் இறங்கிவிடுகிறார். ஆளை வாட்டும் வெயில் அதற்குப் பிறகுதான் ஏறுகிறது. எங்கள் சித்தப்பா அழகருக்கு நேர்ந்துகொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறவர். விரதம், வெறுங்கால், தலையில் குல்லாய், உடம்பில் கனத்த வெல்வெட் உடுப்பு, தோளில் தோப்பறை என்கிற ஆட்டுத்தோல் தண்ணீர்ப் பை. வண்டியூர் போகும் வழியில் திடீரென்று என்னைப் பார்த்து, “அண்ணே, மாட்டை நிழலில் கட்டு” என்றார். அவர் அண்ணன், அதாவது என் அப்பா, இறந்து வெகுகாலமாகிறது. எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

அடுத்த நிமிடம் கால் மடங்கி விழுந்தார். உடம்பு அடுப்பிலேற்றிய தோசைக்கல்லாகக் கொதித்தது. கை கால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்று ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருவர் சோடாவை வாயருகே கொண்டுவந்தார். எல்லோரும் பதறி உதவ வந்த நல்ல மனிதர்கள். ஆனால் நினைவு தப்பியவர் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே உலையாகிவிடும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ஒரு நர்சிங் மாணவிதான், “உடுப்பைக் கழற்றுங்கள், மேலே தண்ணீர் ஊற்றுங்கள்” என்று அதட்டினாள். வியர்வையில் இறுகிப்போன முடிச்சு அவிழவில்லை. பூக்கார அம்மா நீட்டிய கத்தரிக்கோலால் வெட்டினோம். தோப்பறையில் மிச்சமிருந்த தண்ணீரைக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஊற்றினோம், அக்கம்பக்கத்திலிருந்து குடம் குடமாக வந்ததையும் ஊற்றினோம். நாலு பக்கமும் விசிறினார்கள். 108 அந்த நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் கண் திறந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

சித்தப்பாவுக்கு வந்தது வெப்ப வாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். அதை வெறும் மயக்கம் என்று நினைப்பதுதான் ஆளைக் கொல்கிறது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மூளை தடுமாறுகிறது. பேச்சு குழறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது, தள்ளாடுவது எல்லாம் அதன் அறிகுறிகள். வியர்வை நின்றால்தான் ஆபத்து என்பதும் சரியல்ல; சித்தப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. காற்றுப் புகாத நெரிசலில் வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. காய்ச்சல் மாத்திரையும் இதற்கு உதவாது. முதல் அரைமணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர வைத்தாக வேண்டும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

சித்திரையில் மட்டும் வருகிற ஆபத்தும் அல்ல இது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நிவாரணம் வேண்டியதுதான். ஆனால் ஆளைப் பிழைக்க வைக்கத் தேவைப்படுவது ஒரு தொட்டித் தண்ணீரும், ஒரு தார்ப்பாய் நிழலும், விவரம் தெரிந்த ஒருவரும்.

மதுரையில் அன்னதானத்துக்கும் நீர்மோருக்கும் பானகத்துக்கும் ஒருநாளும் குறைவிருந்ததில்லை. அதே பந்தலில் நிழலான ஒரு மூலையை ஒதுக்கி, தொட்டி நிறையத் தண்ணீரும் செம்பும் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். காணாமல்போன குழந்தையை மைக்கில் அறிவிக்கிறார்கள் அல்லவா, அதே மைக்கில் மணிக்கொரு தரம் இந்த அறிகுறிகளையும் சொல்லலாம். எங்கள் தெரு மண்டகப்படிக்காரர்களிடம் பேசியிருக்கிறேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பகுதியில் பந்தல் போடுகிறவர்களிடம் நீங்களும் பேசுங்கள்.