ஆம்பியரைக் குறைத்தால் நாசில் செலவு மிச்சமா?

ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்துப் பட்டறைகளின் வாட்ஸ்அப் குழுக்களில், மின்சாரத்தால் சூடாக்கிய வாயுவைப் பாய்ச்சி இரும்புத் தகடு வெட்டும் பிளாஸ்மா கருவி பற்றி ஒரு யோசனை சுற்றுகிறது: "பிளாஸ்மாவில் ஆம்பியரைக் குறைத்து வெட்டுங்கள், நாசிலும் எலக்ட்ரோடும் நீண்ட நாள் உழைக்கும்." நாசில் என்பது அந்தச் சூடான வாயு வெளிவரும் துளையுள்ள முனை; எலக்ட்ரோடு அதற்குள் மின்சாரத்தைத் தரும் பாகம்; இரண்டும் தேயத் தேய மாற்ற வேண்டியவை. யோசனை பாதிதான் உண்மை.

நாசிலுக்குக் குறித்த அளவைத் தாண்டி ஆம்பியர் ஏற்றினால் அதன் துளை சீக்கிரம் அகன்றுவிடும், அது சரி. ஆனால் தடித்த தகட்டில் ஆம்பியரை ரொம்பக் குறைத்தால் வெட்டும் வேகம் விழும், தகட்டைத் துளையிட நேரமாகும், தெறிக்கும் உருகிய இரும்பு நாசிலிலேயே ஒட்டும். தகட்டின் அடியில் கசடு கட்டும். அப்புறம் கிரைண்டருக்கும் ஆளுக்கும் தனிக் கூலி. எலக்ட்ரோடு நுனியிலுள்ள ஹாஃப்னியம் என்ற உலோகமோ ஒவ்வொரு முறை ஆர்க் (மின்வில்) பற்றவைக்கும்போதும் அணையும்போதும் தேய்கிறது. கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் மோசம், அதை யாரும் பார்ப்பதில்லை.

குறைந்த ஆம்பியர் வேண்டுமென்றால் அதற்கான சிறிய நாசிலையே மாட்டுங்கள். செலவுக் கணக்கைத் தேயும் பாகத்துக்கு அல்ல, வெட்டிய மீட்டருக்குப் போடுங்கள்.