பஞ்சு விதை பறக்கவில்லை, விழுகிறது

பஞ்சு விதைகளை ஊதிப் பறக்கவிடும் அந்த ரீலைப் பற்றி மறுபடியும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு மட்டும் ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். "இயற்கையின் குட்டி ஹெலிகாப்டர், இழைகளே இறக்கை!" கீழே ஒரே இதய மழை. 'இறக்கை இல்லைங்க, பிரேக்' என்று ஒரு வரி போட்டேன். அதை நீக்கிவிட்டார்கள். பரவாயில்லை, இது என் சுவர்.

இழை விதையைத் தூக்காது. விழுவதைத் தாமதப்படுத்தும். அவ்வளவுதான் அதன் வேலை.

டான்டேலியன் என்பது ஊதினால் வெள்ளைக் குடைகளாகப் பிரியும் சிறு பூச்செடி. அதன் விதை அசையாத காற்றில் விநாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் இறங்கும். 40 செ.மீ. உயரத் தண்டிலிருந்து கிளம்பினால் தரையைத் தொட ஒரு விநாடி. பக்கவாட்டுக் காற்று விநாடிக்கு 2 மீட்டர் வீசினால் அது போகும் தூரமும் 2 மீட்டர்தான். பெரும்பாலான விதைகளின் கதை இதுதான், தாய்ச் செடியின் காலடியிலேயே முடிந்துவிடும்.

"அப்போ மொட்டைமாடிக்கு மேல போகுதே, அது பொய்யா?" பொய் இல்லை. வெயிலில் சூடான தரையிலிருந்து காற்று மேலே எழும். அந்த வேகம் விநாடிக்கு 40 செ.மீ.யைத் தாண்டினால் விதையும் கூடவே ஏறும். ஏறுவது காற்று. விதை அப்போதும் அந்தக் காற்றுக்குள் விழுந்துகொண்டேதான் இருக்கிறது!

"பாராசூட்னு சொல்லலாம்ல?" குழந்தைகளுக்குச் சொல்லுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் பாராசூட் துணி. இங்கே சுமார் 100 இழைகள், விரிந்த வட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் இடைவெளி. அந்த ஓட்டை வழியாகக் காற்று ஏன் சர்ரென்று ஓடிவிடவில்லை? இழை அவ்வளவு மெல்லியது. ஒவ்வொன்றையும் ஒட்டியிருக்கும் காற்று பக்கத்து இழையின் காற்றோடு உரசி நகரத் திணறுகிறது. கசியும் கொஞ்சக் காற்றால் விதைக்கு மேலே, அதைத் தொடாமல், வளையமாக ஒரு சுழல் நிற்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தார் 2018-இல் 'நேச்சர்' இதழில் காட்டியது இதைத்தான். ஹெலிகாப்டராம்.

இன்னொன்று. எல்லாப் பஞ்சும் ஒன்று என்று நினைப்பது. எருக்கில் இழைக்குச்சம் விதையின் நுனியிலேயே முளைக்கிறது. இலவத்தில் பஞ்சு காயின் உள்சுவரிலிருந்து வருகிறது, விதையோடு ஒட்டுவதில்லை, விதை அதற்குள் சும்மா கிடக்கும். டான்டேலியனில் நாம் விதை என்பது உண்மையில் கனி, இழைகள் உருமாறிய புல்லிவட்டம், அதாவது பூவின் வெளியடுக்கு. மூன்றையும் ஒரே படத்தில் ஒட்டி இசை போட்டால் அறிவியலாகிவிடுமா?

நம்பாதவர்கள் செய்து பாருங்கள். வெடிக்கப்போகும் எருக்கங்காய் ஒன்று. கையுறை கட்டாயம், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. உள்ளே பழுப்பு விதைகள் மீன் செதில் போல அடுக்கியிருக்கும், இழைகள் நனைந்த பட்டுத் துணிபோல் படிந்திருக்கும். நிழலில் உலரவிடுங்கள், தானே விரியும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, 2 மீட்டர் உயரத்திலிருந்து ஒன்றை விடுங்கள், போனில் நேரம் பாருங்கள். அடுத்ததில் பாதி இழையைக் கத்தரித்துவிட்டு விடுங்கள். மூன்றாவதை நனைத்து விடுங்கள், இழைகள் தூரிகை மாதிரி ஒட்டிக்கொண்டு சட்டென்று விழும். ஒவ்வொன்றையும் ஐந்து முறையாவது விட வேண்டும். நீங்கள் நடந்தாலே காற்று கலங்கி எண் மாறிவிடும். வியர்த்த விரலால் இழையைப் பிடித்தாலும் கெட்டது.

நனைந்தால் வீண் என்பது செடிக்கும் 'தெரியும்'. காற்றில் ஈரம் ஏறினால் டான்டேலியன் இழைகளின் அடிப்பகுதி உப்பி, குடை மடங்கிவிடும். விதை கிளம்பாமல் தண்டிலேயே இருக்கும், உலர்ந்ததும் விரியும்.

"இதெல்லாம் தெரிஞ்சா அழகு போயிடும் சார்" என்று ஒருவர். இந்த ஒரு வரிக்குத்தான் எனக்கு நிஜமாகவே வலித்தது. ஓட்டைகளால் ஆன குடை, தலைக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத காற்று வளையம். இதைவிட ஹெலிகாப்டர் அழகா? சரி, உங்கள் ரசனை.

அந்த ரீலின் கடைசி இரண்டு விநாடியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். கேமரா வானத்துக்குப் போகுமுன் ஒரு கணம் தரை தெரியும். ஊதியவரின் செருப்பைச் சுற்றி வெள்ளையாகக் கிடப்பது என்னவாம்?