நாலு துளை போதாது
ஒரே வீட்டுக்கு நாலு துளை (போர்) போட்டு, அதில் இறக்கிய குழாய்கள் வழியே கோடை வெயிலின் சூட்டை மண்ணில் சேர்த்துவைத்தால் டெல்லியின் ஜனவரிக் குளிரைச் சமாளிக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. நடக்காது. சேரும் வெப்பம் மண்ணின் கன அளவைப் பொறுத்தது, கசிவது மேற்பரப்பைப் பொறுத்தது. சேமிப்பு சிறுத்தால் குளிருக்கு முன்பே பெரும்பகுதி போய்விடும். கனடாவின் ஒகோடோக்ஸ் ஊரில் இப்படிச் சேமிக்க 52 வீடுகளுக்குச் சேர்த்து 144 துளைகள் போட்டார்கள், ஒவ்வொன்றும் சுமார் 35 மீட்டர் ஆழம். அதுவும் 2007-ல் தொடங்கி ஐந்தாவது ஆண்டில்தான் வீடுகளின் வெப்பத் தேவையில் 90 சதவீதத்தைத் தாண்டியது. டெல்லியிலோ, யமுனைக் கரையில் ஓடும் நிலத்தடி நீர் சேர்த்த சூட்டை இழுத்துப் போய்விடும். குழாயைச் சுற்றித் துளையை மணலால் மூடலாம் என்று இங்கே கருத்து எழுதியவருக்கு: மணல் அமர்ந்து காற்றிடைவெளி விட்டால் குழாய்க்கும் மண்ணுக்கும் தொடர்பு அறும். பென்டோனைட் (நீரில் உப்பும் களிமண்) கலவையை அடியிலிருந்து மேலாக பம்ப் செய்யுங்கள். ஒற்றை வீட்டுக்குச் சும்மா ஒரு ஹீட் பம்ப்பே (மண்ணிலிருந்து சூட்டை எடுத்து வீட்டுக்குள் தரும் கருவி) மேல்; இங்கே ஆழத்து மண் குளிர்காலத்திலும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.