வாற வள்ளம் எத்தினை மணிக்கு?

(கொழும்பு, வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் நாலாம் மாடி வீடு. பெரியம்மா நெத்தலித் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறார். யாழ்ப்பாணக் கடலிலுள்ள நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவர். சுதன் கொழும்புப் பிள்ளை, கணக்காளர். லீவுக்கும் எக்செல் தாளில் கணக்குப் போடுகிற ஆள்.)

சுதன்: பெரியம்மா, அடுத்த மாசம் மாலைதீவுக்குப் போறன். ஐலண்ட் ஹொப்பிங்.

பெரியம்மா: அதென்னடா தம்பி?

சுதன்: ஒரு தீவில இறங்கி நிக்கிறது. பிறகு போட் எடுத்து அடுத்த தீவு. பிறகு அதுக்கடுத்த தீவு.

பெரியம்மா: நாங்கள் கச்சேரிக் கந்தோருக்குப் போன மாதிரியெல்லோ இருக்கு! கடல் நல்லாயிருந்தா நெடுந்தீவில இருந்து குறிகட்டுவான் துறைக்கு வள்ளத்தில ஒரு மணித்தியாலம். அங்கால பஸ்ஸில புங்குடுதீவு, வேலணை எண்டு தீவு தீவாத்தான் யாழ்ப்பாணம் போய்ச் சேருவம். எல்லாம் ஒரு கையெழுத்துக்கு. ஒருத்தன் வந்து படம் எடுத்தானோ?

சுதன்: இது வேற பெரியம்மா. அங்க கிட்டத்தட்ட 1,200 தீவு. சனம் இருக்கிறது 200இலகூட இல்லை. நாடே கடல்மட்டத்தில இருந்து சராசரி ஒன்றரை மீற்றர்தான் உயரம்.

பெரியம்மா: அப்ப நான் ஒரு கதிரையில ஏறி நிண்டா அவங்களுக்கு மலை.

சுதன்: தலைநகர் மாலேயில 17ஆம் நூற்றாண்டில பவளக்கல்லால கட்டின பள்ளிவாசல் இருக்கு. கல்லில செதுக்கின வேலைப்பாடு...

பெரியம்மா: எங்கட வளவு மதிலே பவளக்கல்லுத்தான். ஆடு ஏறி நிண்டு கத்தும். ஒரு வெள்ளைக்காரனும் பிளேன் எடுத்து வந்து பாக்கேல்ல. சரி, எந்தத் தீவில நிக்கப்போறாய்?

சுதன்: தூரத்து ரிசோட் தீவுகளுக்கு சீபிளேனில போகோணும், கட்டாது. நான் ஊர்ச்சனம் போற அரசாங்க ஃபெரியில மாஃபுஷி எண்ட தீவுக்குப் போறன். மாலேயில இருந்து ஒன்றரை மணித்தியாலம். சின்னக் காசு.

பெரியம்மா: அங்க என்ன விசேஷம்?

சுதன்: நல்ல கடற்கரை, நிறைய விடுதி, பிறகு... ஒரு ஜெயில்.

பெரியம்மா: காசு குடுத்து மறியலுக்குப் போற முதல் ஆள் நீதானடா.

சுதன்: அது தீவின்ர ஒரு பக்கத்தில பெரியம்மா!

பெரியம்மா: தீவெண்டால் எவ்வளவு பெரிசு? ஒரு பக்கத்தில தும்மினா மற்றப் பக்கத்தில கேக்கும். சரி, சாப்பாடு?

சுதன்: காலமையில மஸ் ஹுனி. சூரை மீனை உதிர்த்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப்புளி எல்லாம் போட்டுப் பிசைஞ்சு ரொட்டியோட தருவினம். அந்த ருசியைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கினம்.

(பெரியம்மா கையிலிருந்த நெத்தலியைக் கீழே வைக்கிறார். இது நல்ல சகுனமல்ல.)

பெரியம்மா: தம்பி, அது சம்பல். மாசிக் கருவாடே அங்க இருந்துதான் வாறது. போன கிழமை சந்தையில வாங்கி இடிச்சு வைக்க, "மணக்குது பெரியம்மா" எண்டு கோப்பையைத் தள்ளினவன் ஆர்?

சுதன்: அது... அங்க கடலைப் பாத்துக்கொண்டு சாப்பிடலாம்.

பெரியம்மா: இஞ்ச யன்னலைத் திற. ரயில் பாதைக்கு அங்கால என்ன, வயலோ? அதை விடு. குடிக்கிற பெடியளோட போறியோ?

சுதன்: சனம் இருக்கிற தீவில குடிக்கேலாது. சட்டம்.

பெரியம்மா: (முகம் மலர்ந்து) நல்ல நாடு. போட்டு வா. வாற வள்ளம் எத்தினை மணிக்கு?

சுதன்: வியாழன் பின்னேரம் மாலேயில இருந்து...

பெரியம்மா: போறதைக் கேக்கேல்ல. போறது ஆரும் போவான். வாற வள்ளம்?

சுதன்: வெள்ளி காலமை மாஃபுஷியில இருந்து பக்கத்துத் தீவு குல்ஹி, சனி திரும்ப மாலே, பின்னேரம் பிளேன். எக்செல்லில எல்லாம் சிவப்பு, பச்சை போட்டு வைச்சிருக்கிறன்.

பெரியம்மா: வெள்ளியோ? முஸ்லிம் நாடெல்லோ. வெள்ளிக்கிழமை வள்ளம் ஓடுமோ?

(சுதன் போனைத் தட்டுகிறான். இன்னொருமுறை தட்டுகிறான். போன் அதே பதிலைத்தான் சொல்கிறது.)

சுதன்: ...வெள்ளிக்கிழமை ஃபெரி இல்லையாம்.

பெரியம்மா: அப்ப வெள்ளி முழுக்க மறியல்தான்.

சுதன்: ஸ்பீட் போட் இருக்கு. ஆனா அது காசு கூட.

பெரியம்மா: தள்ளு, நான் சொல்லுறன், எழுது. திங்கள் போறது. செவ்வாய் மாஃபுஷி. புதன் குல்ஹி. வியாழன் மாலேக்குத் திரும்பி, வெள்ளி பள்ளிவாசலை வெளியில நிண்டு பாத்துப்போட்டு சனி பிளேன். எத்தினை பேருக்கு எழுதினாய்?

சுதன்: ஒண்டு.

பெரியம்மா: ரெண்டெண்டு மாத்து. விசா கஷ்டமோ?

சுதன்: இறங்கின இடத்தில 30 நாளைக்குச் சும்மா தருவினம்... பெரியம்மா, நீங்களுமோ? உங்கட காசு?

பெரியம்மா: சின்னக் காசெண்டு நீதானே சொன்னாய்?

சுதன்: அது ஃபெரிக்கு! பிளேனுக்கு?

பெரியம்மா: பிளேனைப் பற்றி எனக்கென்னடா தெரியும்? நான் தீவுக்காரி.