ஒரு மாதத்தில் முடியும் வேலையா இது?
கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோருக்கு இலவசச் சட்ட உதவி செய்யும் அமைப்பில் பயிற்சிக்குச் சேரும் சட்ட மாணவர்கள் ஒரு மாதத்திலேயே குடியுரிமைச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறார்கள் என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. பார் கவுன்சில் விதிப்படி ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் பயிற்சி கிடையாது. ஒரு கோப்பு அதைவிட நெடுநாள் இழுக்கும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி (சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம்) வந்தவரின் பழைய பாஸ்போர்ட்டில் 'பெரியசாமி முத்துக்கருப்பன்', குடும்ப அட்டையில் 'முத்துக்கருப்பையா', ஆதாரில் 'பி. முத்து' என்றிருந்தால் அலுவலகத்துக்கு அவர் மூன்று ஆட்கள். மாணவர் ஆதாரில் உள்ளதை அப்படியே மனுவில் ஏற்றிவிட்டால் பழைய ஆவணம் பயனற்றுப் போகும். மிகப் பழைய பெயரை முதலில் எழுதி, 'என்கிற' போட்டு மற்றவற்றைச் சேர்த்து, மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் வாங்க வேண்டும். மலை ஈரத்தில் முத்திரை மங்கிய அட்டையை வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளை நகலில் முத்திரையே மறைந்துவிடும். அசலை அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இதில் சமரசமே கூடாது. பிள்ளைகள் விஷயத்தில் முதல் கேள்வி பிறந்த தேதி: 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பெற்றோரின் குடியுரிமையைக் காட்டத் தேவையில்லை, அன்றிலிருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன் என்றால் ஒருவராவது இந்தியக் குடிமகன் என்று காட்ட வேண்டும். சந்திப்பை மாலையில் பறித்த தேயிலையை நிறுத்த பிறகு வையுங்கள், பாவம், தோட்டத் தொழிலாளர்களின் கூலி போகக் கூடாது. கிளம்பும் மாணவர் எந்த மனு எந்த அலுவலகத்தில், என்ன ஒப்புகை எண்ணில் இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, அடுத்து வருபவரோடு இரண்டு நாளாவது சேர்ந்து உட்கார வேண்டும்.