புகை கிடங்கை விட்டுப் போனால் போதுமா?
கிடங்குகளில் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டால் மாசே இருக்காது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது; அந்தக் கருத்தில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது. மும்பையை அடுத்த பிவண்டியில் 11 ஆண்டுகளாகக் கிடங்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். மழைச் சாரலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீசல் வண்டியை ஓட்டிய நாள்களில், மாலையில் மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுத்துவிடும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. எல்.பி.ஜி. வண்டியில் கரி குறைவு என்றாலும், எஞ்சின் பராமரிப்பு தவறினால் மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு மூடிய இடத்தில் சேர்ந்துவிடும்.

ஆகவே, உள்ளே வேலை செய்பவர்களின் நுரையீரலுக்கு மின்சாரமே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால், இரவில் நாங்கள் சார்ஜ் செய்யும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு எங்கோ ஓர் அனல்மின் நிலையத்தில் வெளியேறுகிறது. கிடங்குகளின் பரந்த தகரக் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பொருத்தி, பகல் இடைவேளைகளிலேயே லித்தியம் பேட்டரிகளைச் சார்ஜ் செய்தால் இது வெகுவாகக் குறையும். ஈய-அமில பேட்டரிக்கு அது ஒத்துவராது. முழுதாகச் சார்ஜ் ஆக ஏறத்தாழ எட்டு மணி நேரம் பிடிக்கும், அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் காற்றோட்டமும் வேண்டும். தேய்ந்த ஈய பேட்டரியை 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்காமல் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டால், அமிலம் சாக்கடைக்கும் ஈயம் அருகில் வாழும் குழந்தைகளின் இரத்தத்துக்கும் போய்ச் சேரும்.