கியர்பெட்டியிடம் பொய் சொல்லும் சிப்கள்

என் மைத்துனருடைய பிக்கப் வண்டி காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, ஆர்.பி.எம். முள் 2,200-லிருந்து 2,900-க்குத் திடீரென்று எழும்பியதையும், வண்டியின் வேகம் மட்டும் சற்றும் கூடாமல் அப்படியே இருந்ததையும் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தேன். "சிப் போட்டதிலிருந்து இழுவையே வேற மாதிரி இருக்கு மச்சான், கியரும் பட்டு பட்டுன்னு விழுது" என்று அவர் பெருமையோடு சொன்னார். அது இழுவை இல்லை, கிளட்ச் தகடு வழுக்குகிறது என்று நான் சொன்னதை அன்று அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆட்டோ கியர் மாறும் விதத்தை மேம்படுத்துவதாகச் சொல்லி நம் மலேசியாவில் விற்கப்படும் இந்தச் சிப்களைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்டுவருவதால், என் கருத்தை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். (சில்லு என்று எழுதத்தான் ஆசை, ஆனால் சில்லு என்றால் என் அம்மாவுக்கு நொண்டி விளையாட்டுத்தான் நினைவுக்கு வருகிறது.)

சிப் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்கள் விற்கப்படுவதுதான் குழப்பத்தின் தொடக்கம். 1980-களில் காரின் கணினியைத் திறந்து, நிரல் பதிந்த சிப்பைக் கழற்றி, வேறொன்றைப் பொருத்தினார்கள். அந்தப் பெயர் அப்படி வந்தது. இன்று உண்மையான மாற்றம் செய்பவர்கள் எதையும் கழற்றுவதில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. எனும், பழுது பார்க்கும் கருவியைச் செருகும் துளையின் வழியாகக் கணினியின் நிரலையே மாற்றி எழுதுகிறார்கள். ஆனால் அதே துளையில் செருகிவிட்டால் போதும் என்று 35 வெள்ளிக்கும் (ரிங்கிட்) 70 வெள்ளிக்கும் இணையத்தில் விற்கப்படும் சிறு பெட்டிகள் அந்த வேலையைச் செய்வதில்லை. என்னுடைய பழைய 4-கியர் காருக்காக நானும் ஒன்றை வாங்கி ஏமாந்தவன்தான். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கும் என் தங்கை மகன் அதைத் திறந்து பார்த்தான். அந்தத் துளையில் மொத்தம் 16 முனைகள் உண்டு. இக்காலக் கார்களின் கணினிகள் பெரும்பாலும் 6-ஆம், 14-ஆம் முனைகளின் வழியாகவே பேசிக்கொள்கின்றன. என் பெட்டியிலோ மின்சாரம் தரும் 16-ஆம் முனையும், எர்த் முனைகளான 4, 5 ஆகியவையும் மட்டுமே பலகையோடு இணைக்கப்பட்டிருந்தன. விளக்கு மினுமினுத்தது, அந்த விளக்குக்குத்தான் மின்சாரம் போயிருக்கிறது. காரோடு ஒரு சொல்கூடப் பேச முடியாத பொருள் எப்படிக் கியரை மாற்றும், மாமா, என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அப்படியானால் போட்டவுடன் வித்தியாசம் தெரிகிறதே என்று சிலர் கேட்பார்கள். பொருத்தும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டச் சொல்வார்கள். பிறகு 200 கிலோமீட்டர் ஓட்டினால் உங்கள் ஓட்டும் முறையை அது கற்றுக்கொள்ளும் என்பார்கள். பேட்டரியைக் கழற்றும்போது பல கார்களில் கணினி அதுவரை கற்றுவைத்திருந்த அளவுகள் அழிந்து, கியர் விழும் விதம் சில நாள்களுக்கு மாறித்தான் இருக்கும். கற்றுக்கொள்வது காரின் கணினி. பெயரைத் தட்டிச்செல்வது அந்த மினுமினுக்கும் பெட்டி.

இதில் 35 வெள்ளியோடு நட்டம் முடிந்துவிடுகிறது. என் கவலையெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யும் இன்னொரு வகையைப் பற்றியது. அதைப் புரிந்துகொள்ள, கியர் மாறும் அந்த நொடிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வழக்கமான ஆட்டோ கியர்பெட்டியில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போவதென்றால், ஒரு கிளட்ச் தொகுதி பிடியை விட்டுக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். முந்தினால் வண்டி குலுங்கும். பிந்தினால் எஞ்சின் வெறுமனே அலறும். அந்தப் பிடியைத் தருவது எண்ணெய் அழுத்தம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்துபவை, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுகள். அவற்றுக்கு எவ்வளவு அழுத்தம் என்று கட்டளையிடுவது கியர்பெட்டியின் கணினி. அந்தக் கணினி தன் கணக்கை எங்கிருந்து தொடங்குகிறது என்பதுதான் முக்கியம். இந்த நொடியில் நான் இவ்வளவு முறுக்குவிசை தருகிறேன் என்று எஞ்சின் கணினி அனுப்பும் எண்ணை நம்பியே அது அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. கியர் மாறும் நேரத்தில் விசையைச் சற்றுக் குறைத்துக்கொள் என்று அது எஞ்சினிடம் கேட்கும். எஞ்சினும் தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளியோ எரிபொருளைக் குறைத்தோ ஒத்துழைக்கும். இத்தனை நுட்பமான உறவு முழுவதும் அந்த ஓர் எண்ணின் நேர்மையில் நிற்கிறது.

என் மைத்துனர் போட்டது டீசல் எஞ்சினில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கிவைக்கும் ரெயில் எனும் குழாயின் அழுத்த சென்சாருக்கும் கணினிக்கும் இடையில் செருகப்படும் பெட்டி. உள்ளே இருக்கும் டீசல் அழுத்தத்தை உண்மையைவிடக் குறைவாக அது சொல்லும், கணினி அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும், கூடுதல் டீசல் உள்ளே போகும், இழுவை கூடும். பெட்ரோல் டர்போ கார்களில் இதே பொய் டர்போவின் காற்றழுத்த சென்சார் வழியாகச் சொல்லப்படுகிறது. எஞ்சினைப் பொறுத்தவரை இது வேலை செய்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எஞ்சின் உண்மையில் 450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தரும்போது, அதன் கணினி 400 என்றே எண்ணிக்கொண்டு அதையே கியர்பெட்டிக்கும் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கியர்பெட்டி 400-க்கு உரிய அழுத்தத்தோடு கிளட்ச்சைப் பிடிக்கிறது. சமதரையில் ஒன்றும் தெரியாது. பின்னால் சுமையோடு கெந்திங் செம்பா ஏறும்போது தகடுகள் வழுக்குகின்றன, வழுக்கல் சூடாகிறது, சூடு எண்ணெயைக் கெடுக்கிறது, கெட்ட எண்ணெய் வழுக்கலை இன்னும் கூட்டுகிறது. கியர்பெட்டியின் கணினி ஒன்றும் முட்டாள் இல்லை. உள்ளே வரும் சுழற்சியையும் வெளியே போகும் சுழற்சியையும் ஒப்பிட்டு, வழுக்கலை அறிந்து, அழுத்தத்தைத் தானாகக் கூட்டிக்கொள்ளும். ஆனால் அந்த ஏற்பாடு, வயதாகும்போது வரும் தேய்மானத்தை ஈடுகட்டுவதற்காக வைத்த சேமிப்பு. அதைப் புதுக் காரிலேயே எடுத்துச் செலவழிப்பது, பிள்ளை பள்ளிக்குப் போகும் முன்பே அவன் கல்யாணச் சீட்டை எடுப்பது போன்றது.

படிப்படியான கியர்களுக்குப் பதிலாகப் பட்டையும் புல்லிகளும் கொண்ட சி.வி.டி. கியர்பெட்டிகளில் இந்தப் பொய் இன்னும் ஆபத்தானது. அங்கே உலோகப் பட்டையைப் புல்லிகள் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் என்பதும் அதே எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகிறது. பட்டை வழுக்கினால் புல்லியின் முகத்தில் கோடு விழும், அதற்குப் பிறகு மருந்து கிடையாது. 2021 நவம்பரில் வந்த மைவி காரில் 4-கியர் பெட்டி போய் சி.வி.டி. வந்தது; 2019-இல் சாகா காரிலோ சி.வி.டி. போய் 4-கியர் பெட்டி வந்தது. இரண்டுக்கும் சேர்த்து, கியர் மாறும் வேகத்தைக் கூட்டும் என்று ஒரே சிப்பை விற்கும் விளம்பரத்தை நானே பார்த்தேன். மாற்றுவதற்குப் படிப்படியான கியரே இல்லாத பெட்டியில் எதன் வேகத்தைக் கூட்டுவார்கள் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆக்சிலரேட்டர் மிதிக்கு மாட்டும் திராட்டில் கருவி நேர்மையானது, ஆனால் சிறியது. நீங்கள் கால்வாசி மிதித்ததை அரைவாசி என்று சொல்லும்; அதனால் கியர் சற்றுத் தாமதமாக ஏறும், வண்டி துடிப்பாகத் தோன்றும். காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாலும் அதேதான் நடக்கும்.

மெய்யான மேம்பாடு கியர்பெட்டிக் கணினியின் நிரலையே மாற்றி எழுதுவதில் இருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டலாம், கியர் மாறும் நேரத்தைக் குறைக்கலாம், மாறும் இடத்தை நகர்த்தலாம், எஞ்சினையும் கியர்பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டை முன்னதாகவே விழச் செய்யலாம். 2009-இல் பி.எம்.டபிள்யூ. கார்களில் வரத் தொடங்கிய இசட்.எஃப். நிறுவனத்தின் 8-கியர் பெட்டி போன்றவற்றில் இதற்கு நிறைய இடமிருக்கிறது. ஷா ஆலாமில் ஒரு நண்பர் இதைச் செய்துகொண்டார். ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. கியர் சற்று அழுத்தமாக விழுவது கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மையன்று. பயணிக்குத் தெரியாதபடி மென்மையாக மாற்றுவதற்காகத் தொழிற்சாலையில் கிளட்ச்சைச் சற்றுக் கூடுதலாகவே வழுக்க விடுகிறார்கள். அந்த நேரம் குறைந்தால் தகட்டுக்குச் சூடும் குறையும். ஆனால் இங்கே எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே எண்ணைப் பேசும்படி இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள் என்பதுதான் வேறுபாடு. வாரண்டி காலத்தில் இருக்கும் காரில் இதைக்கூட நான் செய்யமாட்டேன். சில ஐரோப்பியக் கார்களின் கணினி, தன்மேல் எத்தனை முறை எழுதினார்கள் என்பதையே எண்ணி வைத்திருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால், கியர் ஏன் குலுங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஜாலான் ஈப்போ நெரிசலில் நின்று நின்று போகும் கார்களின் கியர் எண்ணெய் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள். ஆயுள் முழுவதற்கும் மாற்ற வேண்டாம் என்று கார் விற்பவர் சொல்லலாம். கியர்பெட்டியைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில், மாற்றச் சொல்கிறது. எண்ணெய் அளவுகோல் (டிப்ஸ்டிக்) இல்லாத கியர்பெட்டிகளில் எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போதுதான் அளவைப் பார்க்க வேண்டும். இதை அவசரத்தில் தவறவிடும் பட்டறைகளும் உண்டு. என் 4-கியர் காரில் இரண்டிலிருந்து மூன்றுக்கு விழும்போது வந்த குலுக்கல், உரிய வகை எண்ணெயை ஊற்றியதும் பாதி குறைந்தது. எஞ்சினைத் தாங்கும், கிழிந்துபோன ரப்பர் மவுண்டிங்கை மாற்றியதும் மீதியும் போனது. மொத்தச் செலவு 380 வெள்ளி, பள்ளி விடுமுறையில் ஒரு பகல். செந்தூல் பட்டறை அண்ணன் சிப்பைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பிடுங்கி டேஷ்போர்டில் வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

அந்தப் பயணத்துக்கு ஒரு வாரம் கழித்து மைத்துனர் அந்தச் சிப் பெட்டியைக் கழற்றினார். ஏற்றத்தில் முள் எழும்புவது நின்றுவிட்டது. ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் கன்வெர்ட்டர் பூட்டு விழும்போது வரும் இலேசான நடுக்கம் இன்னும் இருக்கிறது. வடித்த எண்ணெய் கோப்பி நிறத்தில் தீய்ந்த வாடையோடு இருந்ததாம். கழற்றிய சிப் பெட்டியை, இரண்டு மாதமே பயன்படுத்தியது, நல்ல நிலையில் உள்ளது என்று இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். ஏழு பேர் விலை கேட்டிருக்கிறார்கள். எட்டாவதாக ஒருவர் மட்டும் இது கியர்பெட்டிக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டாராம். அவருக்கு என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்.